வாட்ஸ்அப்பை விட்டுப் போவது ஏன் இவ்வளவு கஷ்டம்?

கன்னியாகுமரி மாவட்டம் புதுக்கடையில் இருக்கும் ஓர் அம்மா, துபாயில் வேலை பார்க்கும் மகனிடம் "மக்களே, சோறு தின்னியா?" என்று கேட்க இரண்டு ஆப் வேண்டும். மெசேஜ், வாய்ஸ் நோட் என்றால் வாட்ஸ்அப். முகம் பார்த்துப் பேச வேண்டுமென்றால் போட்டிம். காரணம், அமீரகத்தில் வாட்ஸ்அப் கால் பொதுவாக வேலை செய்யாது. அரசு அனுமதித்த ஆப்களில்தான் பேச முடியும்.

தேவை வந்தால் புது ஆப்புக்குப் பழக யாருக்கும் தயக்கமில்லை. அப்படியிருக்க, பிடிக்கவில்லை என்று சொல்லிக்கொண்டே வாட்ஸ்அப்பில் ஏன் தங்கிவிடுகிறோம்?

கசப்பு எங்கே தொடங்கியது?

2014-ல் வாட்ஸ்அப்பை 1,900 கோடி டாலருக்கு வாங்குவதாக ஃபேஸ்புக் அறிவித்தது. 2021 ஜனவரியில் புதிய தனியுரிமைக் கொள்கையை ஏற்கச் சொல்லி நோட்டிஃபிகேஷன் வந்தது. நம் மெசேஜை நிறுவனம் படிக்க முடியாது. 2016-லிருந்தே அது முழு மறையாக்கத்தில்தான் போகிறது. ஆனால் போன் நம்பர், சாதன விவரம், எப்படிப் பயன்படுத்துகிறோம் என்பது போன்ற தகவல்கள் தாய் நிறுவனத்தோடு பகிரப்படும் என்பதுதான் பிரச்சினை.

இதற்காக 2024 நவம்பரில் இந்தியப் போட்டி ஆணையம் மெட்டாவுக்கு 213.14 கோடி ரூபாய் அபராதம் விதித்தது. விளம்பரத்துக்காகத் தகவல் பகிர ஐந்தாண்டு தடையும் போட்டது. 2025 நவம்பரில் மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் அபராதத்தை உறுதி செய்து, அந்தத் தடையை மட்டும் நீக்கியது.

மாற்று ஆப் இல்லையா?

இருக்கிறது. 2021-ல் பலர் சிக்னலுக்கு ஓடினார்கள். வாட்ஸ்அப்பை உருவாக்கிய இருவரில் ஒருவரான பிரையன் ஆக்டன், அதிலிருந்து வெளியேறி 5 கோடி டாலர் போட்டுத் தொடங்க உதவிய அறக்கட்டளைதான் சிக்னலை நடத்துகிறது.

2025 செப்டம்பரில் ஜோஹோவின் 'அரட்டை'க்கு முறை வந்தது. மூன்றே நாளில் தினசரிப் புதுப் பதிவுகள் 3,000-லிருந்து 3.5 லட்சமாக உயர்ந்ததாக ஸ்ரீதர் வேம்பு சொன்னார். ஆனால் அந்த நேரத்தில் அரட்டையில் கால்களுக்கு இருந்த முழு மறையாக்கம், மெசேஜ்களுக்கு இல்லை.

இரண்டு முறையும் கதை ஒன்றுதான். ஆர்வமாக டவுன்லோடு செய்தார்கள். உள்ளே போய்ப் பார்த்தால் பேச ஆள் இல்லை. திரும்பி வந்துவிட்டார்கள்.

உண்மையான பூட்டு எது?

ஆப் அல்ல, அதிலிருக்கும் மனிதர்கள். ஸ்கூல் குரூப், ஆபீஸ் குரூப், குடும்ப குரூப் எல்லாம் அங்கே. ஒருவர் மட்டும் கிளம்பினால் நஷ்டம் அவருக்குத்தான்.

யுபிஐ-யில் இந்தச் சிக்கல் இல்லை. கூகுள் பேயிலிருந்து போன்பேக்குப் பணம் போகிறது. கடைக்காரர் எந்த ஆப் வைத்திருக்கிறார் என்று யாரும் கேட்பதில்லை. மெசேஜிங் ஆப்களும் இப்படி ஒன்றோடொன்று பேச வேண்டும் என்கிறார் வேம்பு. ஐரோப்பிய ஒன்றியத்தின் டிஜிட்டல் சந்தைச் சட்டப்படி, பிற ஆப்கள் கேட்டால் வாட்ஸ்அப் கதவைத் திறந்தாக வேண்டும். இந்தியாவில் அப்படியொரு கட்டாயம் இல்லை.

அதுவரை என்ன பண்ணலாம்?

* ஊரையே மாற்ற நினைக்காமல், தினமும் பேசும் நாலைந்து பேரோடு ஒரே நாளில் மாறுங்கள்.
* புது ஆப்பில் மெசேஜ், கால் இரண்டுக்கும் முழு மறையாக்கம் உண்டா என்று பாருங்கள்.
* வாட்ஸ்அப்பிலேயே இருப்பவர்கள், பேக்கப்புக்கான மறையாக்கத்தை செட்டிங்ஸில் ஆன் செய்யுங்கள். அது தானாக ஆன் ஆகாது.
* விலகுவதென்றால் கணக்கை டெலீட் செய்யுங்கள். ஆப்பை அன்இன்ஸ்டால் செய்தால் கணக்கு அழியாது.

புதுக்கடை வீட்டில் போட்டிம் நிலைத்தது, அது வாட்ஸ்அப்பைவிடச் சிறந்தது என்பதால் அல்ல. அம்மாவும் மகனும் சேர்ந்து மாறினார்கள். மாற்று ஆப் எதுவானாலும் கணக்கு இதுதான்.