ஒரே மழையில் நனைந்த நாற்பத்திரண்டு பேர்

(பத்தாம் வகுப்பு மாணவி)

'கட்டுரை' என்று தமிழம்மா கரும்பலகையில் எழுதியவுடன் எங்கள் வகுப்பில் எழும் முதற் கேள்வி, "எத்தனை பக்கம் அம்மா?" என்பது. இரண்டாவது கேள்வியை நாங்கள் அவர் காதில் விழாதபடி எங்களுக்குள் கேட்டுக்கொள்வோம்: "எந்தக் கைடில் இருக்கிறது?"

சென்ற ஜூலை மாதத் தேர்வில், 'நான் சென்ற இன்பச் சுற்றுலா' என்னும் தலைப்பில் கட்டுரை கேட்கப்பட்டது. நாங்கள் நாற்பத்திரண்டு பேரும் உதகமண்டலம் சென்றோம். நாற்பத்திரண்டு பேரும் விடியற்காலை நான்கு மணிக்குப் பேருந்தில் ஏறினோம். மலைப்பாதையில் ஒரே வளைவில் எல்லாருடைய வண்டிக்கும் சக்கரம் வெடித்தது. ஏரியில் படகில் செல்லும்போது ஒரே மழையில் எல்லாரும் நனைந்தோம். விடைத்தாள்களைத் திருப்பித் தந்த அன்று தமிழம்மா சிரித்துக்கொண்டே கேட்டார்: "இத்தனை பேரும் ஒரே நாளில் ஒரே ஊருக்குப் போயிருக்கிறீர்களே, ஒருத்தியாவது இன்னொருத்தியை அங்கே பார்க்கவில்லையா?"

வகுப்பே சிரித்தது. ஆனால் அன்று மாலை வீடு திரும்பும்போது எங்களுக்கு வெட்கமாக இருந்தது. உண்மையில் எங்களில் உதகையைப் பார்த்தவர்கள் ஏழு பேர்தாம். மற்றவர்கள் எழுதியது பொய். அது பொய் என்ற எண்ணமே எங்களுக்கு வந்ததில்லை. பாவசங்கீர்த்தனத்தில்கூட எங்களில் ஒருத்தியும் இதைச் சொல்லியிருக்கமாட்டாள்!

அதற்கடுத்த மாதம், ஆகஸ்டு 15 விடுமுறையில், எங்கள் பள்ளியின் முன்னாள் மாணவியான ஓர் அக்காவைச் சந்தித்தோம். சென்ற ஆண்டு கல்லூரியில் சேர்ந்தவர். பள்ளியில் கட்டுரைக்கு எப்போதும் முழு மதிப்பெண் வாங்கியவர். கல்லூரியில் அவர் எழுதிய முதற் கட்டுரை மதிப்பெண் இன்றியே திரும்பி வந்ததாம். ஓரத்தில் பேராசிரியை சிவப்பு மையில் இரண்டு கேள்விகள் எழுதியிருந்தாராம்: "இவை யார் சொன்னவை? நீ என்ன நினைக்கிறாய்?" அக்கா விடுதி அறையில் அழுதாராம். "யார் சொன்னவை என்பது எனக்குத் தெரியாது. நான் என்ன நினைக்கிறேன் என்பதும் எனக்குத் தெரியவில்லை. அதுவரை யாரும் என்னைக் கேட்டதில்லை" என்று எங்களிடம் சொன்னார்.

அந்த ஓராண்டில் தாம் பட்டுத் தெரிந்துகொண்டதை அக்கா எங்களுக்கு எளிமையாகச் சொல்லித் தந்தார். தலைப்பை ஒரு கேள்வியாக மாற்றிக்கொள்ள வேண்டும். 'பெண் கல்வி' என்று எழுதத் தொடங்கினால் மனப்பாடந்தான் வரும். 'எங்கள் தெருவில் பத்தாம் வகுப்போடு நின்றுபோன அக்காமார் ஏன் நின்றார்கள்?' என்று கேட்டால் சிந்தனை வரும். அடுத்து, நாம் சொல்வதற்குச் சான்று வேண்டும். அது கண்டதா, கேட்டதா, படித்ததா என்று சொல்ல வேண்டும். படித்தது என்றால் யாருடைய நூலில் என்றும் சொல்ல வேண்டும். சொல்லாமல் எடுப்பது களவு. நமக்கு மாறான கருத்து உடையவர் என்ன சொல்வார் என்பதையும் நேர்மையாக எழுதி, அதற்கு விடை தரவேண்டும். கடைசியாக, எழுதியதை அடித்துவிட்டு மீண்டும் எழுத அஞ்சக்கூடாது. அக்கா ஒரு கட்டுரையை இப்போது மூன்று முறை எழுதுகிறாராம்.

அன்றைக்கே எங்களைச் சோதித்தும் பார்த்தார். 'எனக்குத் தெரிந்த ஒரு வேலை' என்று தலைப்புத் தந்து, அரை மணி நேரத்தில் எழுதச் சொன்னார். நாங்கள் வழக்கம்போல 'உழைப்பே உயர்வு தரும்' என்று தொடங்கினோம். எங்களில் ஒருத்தி மட்டும் நேராகத் தன் தாயைப் பற்றி எழுதினாள். அவள் தாயார் உப்பளத்தில் வேலை செய்பவர். இந்தியாவில் குஜராத்துக்கு அடுத்தபடியாக உப்பு மிகுதியாக விளைவது தமிழ்நாட்டில்; அதில் பெரும்பங்கு எங்கள் தூத்துக்குடி மாவட்டத்திலிருந்து வருகிறது. இதை நாங்கள் சமூக அறிவியலில் படித்து மதிப்பெண் வாங்கியவர்கள். ஆனால் அவள் எழுதியது எங்கள் பாடத்தில் இல்லை. அம்மா விடியுமுன்னே அளத்துக்குப் போய்விடுவார். வெயில் ஏறினால் உப்பின் வெண்மை கண்ணைக் குத்தும். இரவில் அம்மாவின் பாதத்தில் அவள் தேங்காய் எண்ணெய் தடவுவாள். மழை தொடங்கினால் பாத்தியிலுள்ள உப்பு கரைந்துவிடும், வேலை நின்றுவிடும். கடைசியாக இப்படி எழுதியிருந்தாள்: "பள்ளியில் காலை வழிபாட்டில் நாங்கள் மழை வேண்டி ஜெபிக்கிறோம். அதே நேரத்தில் என் அம்மா, ஆண்டவரே, இன்னும் கொஞ்ச நாள் பொறும் என்று ஜெபிக்கிறார். ஆண்டவர் யாருடைய ஜெபத்தைக் கேட்பார்?"

அரைப் பக்கந்தான். முன்னுரை இல்லை, முடிவுரை இல்லை, 'ர'கர 'ற'கரப் பிழைகள் மூன்று. ஆனாலும் அதைப் படித்தபின் நாங்கள் எங்கள் தாள்களை மடித்து வைத்துவிட்டோம். ஜூலைத் தேர்வில் இவளுந்தான் உதகைக்குப் 'போய்' எட்டுக்கு ஏழு வாங்கியிருந்தாள். நான்கு ஆண்டுகளாக எங்களோடு ஒரே பெஞ்சில் அமர்ந்தவளுடைய வீட்டை அந்த அரைப் பக்கத்தில்தான் அறிந்தோம். மறுநாள் வழிபாட்டில் மழைக்கான ஜெபம் வந்தபோது எங்கள் வாய் சற்றுத் தயங்கியது.

கட்டுரை என்பதன் பிறப்பும் இதுபோன்றதுதான். பிரெஞ்சு நாட்டு அறிஞர் மொந்தேய்ன் 1580-ஆம் ஆண்டு வெளியிட்ட தம் நூலுக்கு இட்ட பெயருக்கு 'முயற்சிகள்' என்பதே பொருள். ஆங்கிலத்தில் கட்டுரையைக் குறிக்கும் சொல் அந்தப் பெயரிலிருந்துதான் வந்தது. தெரிந்து முடித்ததை ஒப்பிப்பதன்று, தெரிந்துகொள்ள முயல்வதே கட்டுரை. நம் நாட்டிலும் மாயூரத்தில் முன்சீப்பாக இருந்த வேதநாயகம் பிள்ளை, 1879-இல் தமிழின் முதல் நாவலான 'பிரதாப முதலியார் சரித்திர'த்தை வெளியிட்ட கத்தோலிக்கர், பெண்கள் கல்வி கற்கவேண்டும் என்று வாதிட்டு எழுதினார். அவர் காலத்தில் 'பெண் கல்வி' பரீட்சைத் தலைப்பன்று; வீடுகளில் சண்டை மூட்டக்கூடிய கேள்வி. பார்த்து எழுதக் கைடும் கிடையாது. அவர் தாமே காரணங்களைத் தேடவேண்டியிருந்தது. அந்தக் காரணங்களின் பயனாகப் பள்ளிக்கு வந்த நாங்கள், அதே தலைப்பை ஒரு காரணமும் தேடாமல் ஒப்பிக்கிறோம்!

இப்போது கைடைவிட எளிய வழியும் வந்துவிட்டது. 2022-ஆம் ஆண்டின் இறுதியிலிருந்து, கேட்டவுடன் கட்டுரை எழுதித் தரும் செயற்கை நுண்ணறிவு எல்லார் கைப்பேசிக்கும் எட்டியிருக்கிறது. பிழையில்லாமலும் எழுதுகிறது. உதகைச் சுற்றுலாவை அது எங்களைவிட அழகாக எழுதும். அதுவும் உதகைக்குப் போனதில்லை, நாங்களும் போனதில்லை! ஆனால் எங்கள் தோழி கேட்ட கேள்வி அவள் வீட்டு அடுப்படியில் பிறந்தது. அதை அவள் எழுதியிருக்காவிட்டால் வேறு யார் எழுதியிருப்பார்?

மனப்பாடமே வேண்டாம் என்று நாங்கள் சொல்லவில்லை. செய்யுளும் திருக்குறளும் நெஞ்சில் நின்றால்தான் சொல் வளம் வரும். வீட்டில் சொல்லித்தர ஆளில்லாத பிள்ளைக்குக் கைடுதான் துணை என்பதையும் அறிவோம். "பொதுத்தேர்வில் புதிதாக எதையாவது எழுதி மதிப்பெண்ணைக் கோட்டை விட்டால்?" என்று பெற்றோர் அஞ்சுவதும் நியாயமே. எங்கள் அக்காவும் மனப்பாடம் செய்துதான் கல்லூரிக்குள் நுழைந்தார். ஆனால் நுழைந்தபின் அது அவருக்கு உதவவில்லை. ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்று பெரியோர் சொன்னது இதைத்தான். சில நாடுகளில் இந்தக் கேள்வி கல்லூரி வாசலிலேயே கேட்கப்படுகிறது. அமெரிக்காவில் பல கல்லூரிகள் ஏற்கும் பொது விண்ணப்பத்தில், மாணவர் தம்மைப் பற்றி 650 சொற்களுக்குள் ஒரு கட்டுரை எழுத இடம் வைத்திருக்கிறார்கள். நம்மிடம் கேட்காவிட்டாலும், என்றோ ஒரு நாள் யாரோ ஒருவர் சிவப்பு மையில் கேட்கத்தான் போகிறார்.

ஆகவே எங்கள் வேண்டுகோள் சிறியது. மாதம் ஒரே ஒரு பாடவேளை தாருங்கள். அன்று கைடும் வேண்டாம், மதிப்பெண்ணும் வேண்டாம். நாங்கள் கண்டதை எழுதுகிறோம். ஆசிரியைகள் பிழையைத் திருத்துவதோடு ஓரத்தில் ஒரு கேள்வியும் எழுதித் தரட்டும். பெற்றோர்கள் எங்களுக்காக எழுதித் தராமல், "நீ என்ன நினைக்கிறாய்?" என்று மட்டும் கேட்கட்டும். நாங்கள் சொல்லும் விடை முதலில் தப்பும் தவறுமாகத்தான் இருக்கும். பொறுத்துக்கொள்ளுங்கள்.

தோழியரே, அடுத்த முறை சுற்றுலாக் கட்டுரை வந்தால், போகாத உதகையை விட்டுவிடுவோம். உப்பளத்துக்குப் போனவள் உப்பளத்தை எழுதட்டும். மீன் ஏலம் பார்த்தவள் ஏலத்தை எழுதட்டும். எங்குமே போகாதவள், ஏன் போகவில்லை என்பதை எழுதட்டும். அப்போதுதான் நாற்பத்திரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்வோம்.