பிரௌனிங்கின் கீர்த்தி

ஒருவருடைய பெயர் அவர் செய்த பொருளுக்கே பெயராகிவிடுவது எல்லாருக்கும் வாய்ப்பதன்று. பிரெஞ்சு பாஷையில் ‘பிரௌனிங்’ என்றாலே கைத்துப்பாக்கி என்று ஜனங்கள் பொருள் கொண்ட காலம் ஒன்று இருந்தது. அப்பெயருக்குரியவரோ அமெரிக்கர். ஜான் மோஸஸ் பிரௌனிங் என்ற அவர், 1926-ஆம் வருஷம் நவம்பர் 26-ந் தேதி, பெல்ஜியத்தில் லியேஜ் நகரை அடுத்த துப்பாக்கித் தொழிற்சாலையில் வேலையாக இருந்தபோதே மாரடைப்பால் காலமானார். அவரை மேதை என்று கொண்டாடுவோர் உண்டு. கொலைக்கருவி செய்தவர் என்று வெறுப்போரும் உண்டு. இவ்விரண்டில் எது நியாயம் என்பதை நேயர்களுடன் சேர்ந்து சற்று ஆராய்வோம்.

பிரௌனிங் 1855-ஆம் வருஷம் அமெரிக்காவின் யூட்டா பிரதேசத்தில் ஆக்டன் என்னும் ஊரில் பிறந்தார். தந்தை துப்பாக்கி செய்யும் கொல்லர். மகன் தொழில் கற்றது கலாசாலையில் அன்று, தந்தையின் பட்டறையில். 1879-ல் தமது முதல் துப்பாக்கிக்குக் காப்புரிமை பெற்றார். 1883-ல் பிரசித்தி பெற்ற வின்செஸ்டர் கம்பெனியார் அவருடைய சிறு பட்டறையைத் தேடி வந்து, அந்த உரிமையை 8,000 டாலருக்கு வாங்கினர். வாழ்நாளில் அவர் பெற்ற காப்புரிமைகள் 128. எழுத்துப் படிப்பு மட்டுமே படிப்பு என்று எண்ணுகிற நம்மவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். கையும் கருத்தும் ஒன்றுபட்டால் எவ்வளவு சாதிக்கலாம் என்பதற்கு அவர் வாழ்க்கை ஒரு சான்று.

அவர் செய்த புதுமை யாது? பழைய துப்பாக்கியில் ஒருமுறை சுட்டபின் மறு தோட்டாவைக் கையாலேயே இடவேண்டும். ரிவால்வர் வந்தபின் ஐந்தாறு தோட்டாக்களை முன்னதாகவே நிரப்பிக்கொள்ள முடிந்தது. ஆயினும் அது பருத்த ஆயுதம். தீர்ந்தபின் நிரப்புவதற்கு நேரம் பிடிக்கும். குண்டு முன்னே பாயும்போது துப்பாக்கி பின்னே உதைக்கிறது. அந்த உதையையே வேலை வாங்கலாம் என்பதை ஹிராம் மாக்ஸிம் பெரிய யந்திரத் துப்பாக்கியில் முன்னரே காட்டியிருந்தார். சட்டைப் பையில் அடங்கும் ஆயுதத்தில் அதை எளிமையாக அமைத்துக் கொடுத்தது பிரௌனிங்கின் சாமர்த்தியம். குழலின்மேல் கவிந்த உறை பின்னே வழுக்கிச் சென்று வெற்றுக்கூட்டை வெளியே தள்ளும். வில்லின் விசையால் முன்னே வரும்போது அடுத்த தோட்டாவை ஏந்திக் குழலில் வைக்கும். இன்றும் உலகில் செய்யப்படும் கைத்துப்பாக்கிகளில் மிகப் பெரும்பாலானவை இந்த அமைப்பையே பின்பற்றுகின்றன.

1911-ஆம் வருஷம் மார்ச்சு 29-ந் தேதி அமெரிக்க ராணுவம் அவர் வகுத்த கைத்துப்பாக்கியை ஏற்றுக்கொண்டது. 1985 வரையில் அதுவே அந்த ராணுவத்தின் கைத்துப்பாக்கியாக இருந்தது. அதே 1911-ல், ஜூன் 17-ந் தேதி, நமது மணியாச்சி ரயில் நிலையத்தில் திருநெல்வேலிக் கலெக்டர் ஆஷ் சுடப்பட்டார். சுட்டவர் செங்கோட்டை வாஞ்சிநாதன். அவர் கையில் இருந்தது பெல்ஜியத்தில் செய்த பிரௌனிங் துப்பாக்கி. மூன்று வருஷம் கழித்து, 1914 ஜூன் 28-ந் தேதி, ஸரயேவோ நகரில் ஆஸ்திரிய இளவரசரையும் அவர் மனைவியையும் கொன்றதும் பெல்ஜியத்துப் பிரௌனிங்கே. அதன் பின்னர் மூண்ட மகா யுத்தத்தை நாம் விவரிக்க வேண்டியதில்லை. 1931 பிப்ரவரி 27-ந் தேதி அலகாபாத் பூங்காவில் போலீஸாரை எதிர்த்து நின்று உயிர் துறந்த சந்திரசேகர ஆஸாதின் கோல்ட் துப்பாக்கியும் பிரௌனிங் வகுத்ததுதான்.

இன்னும் ஒரு விந்தை. பிரௌனிங் தொடங்கிவைத்த கடைசிக் கைத்துப்பாக்கியை அவருக்குப்பின் ஸேவ் என்ற பெல்ஜியத்துக்காரர் முடித்து, 1935-ல் அது வெளிவந்தது. இரண்டாவது உலக யுத்தத்தில் ஜெர்மானியர் பெல்ஜியத்தைப் பிடித்துக்கொண்டு அதைத் தங்கள் படைக்குச் செய்வித்தனர். அதையே நேச நாட்டார் கானடாவில் தங்கள் படைகளுக்குச் செய்தனர். பகைவர் இருவர் கையிலும் ஒரே ஆயுதம்!

“கருவி என்ன செய்யும்? பிடித்தவன் கையல்லவா பாவத்துக்கும் புண்ணியத்துக்கும் பொறுப்பு?” என்று கேட்பார் உண்டு. இதில் பாதி உண்மை இருக்கிறது. வாஞ்சியின் தேசபக்திக்காகப் பிரௌனிங்கைப் புகழ்வதற்கில்லை. ஸரயேவோவுக்காக அவரைத் தண்டிப்பதற்கும் இல்லை. ஆனால் மற்றப் பாதியையும் பார்க்கவேண்டும். அரிவாள் நெல்லறுக்கவும் உதவும். கைத்துப்பாக்கி மனிதனைச் சுடுவதற்கென்றே பிறந்தது. கோபத்துக்கும் கொலைக்கும் நடுவே கைவேலை மிகுந்திருந்த வரையில், மனம் திரும்புவதற்கும் சிறிது இடம் இருந்தது. ரிவால்வர் அந்த இடத்தைக் குறுக்கியது. பிரௌனிங்கின் எளிய யந்திரம் அதை ஏறக்குறைய இல்லாமலே செய்துவிட்டது. அவர் வேலைத்திறனின் சிறப்பும் இதுவே. அவர் கணக்கில் எழுதவேண்டிய பற்றும் இதுவே.

ஆகவே மாணவர்கள் கேட்டால், பிரௌனிங் தலைசிறந்த தொழிலாளி என்று தயங்காமல் சொல்லுவோம். அந்தத் தொழில் எதற்குப் பயன்பட்டது என்பதையும் மறைக்காமல் அடுத்த வாக்கியத்திலேயே சொல்லுவோம். மணியாச்சியில் ஆஷைச் சுட்டபின் வாஞ்சி அந்தத் துப்பாக்கியாலேயே தம்மையும் சுட்டுக்கொண்டார். துரையையும் தேசபக்தரையும் அது வேறுபடுத்திப் பார்க்கவில்லை. இரண்டு முறையும் ஒன்றுபோலவே வேலை செய்தது.