உருக்குத் தாங்கியும் உயிர்மூச்சும்

ஹட்டன் மலைச்சாரலிலிருந்து இறங்கித் திருகோணமலைக் கடலில் சுழியோடச் செல்லும் இளைஞருக்கு நாம் கூற விரும்புவது ஒன்றுண்டு. முதுகிற் சுமக்கும் காற்றுத் தாங்கியை அதன் பளபளப்புக் கண்டு தெரிந்தெடுத்தல் தகாது.

தாங்கிகள் அலுமினியத்தாலும் உருக்காலும் ஆனவை. 12 லீற்றர் தாங்கியொன்றில் 200 பார் அமுக்கத்தில் அடைத்த காற்று ஏறத்தாழ 3 கிலோ நிறையுடையது. அக்காற்றுத் தீரத் தீர, வழக்கமான அலுமினியத் தாங்கி மிதக்கத் தலைப்படும். கரையேறுமுன் 5 மீற்றர் ஆழத்தில் 3 நிமிடம் தரித்து நிற்கவேண்டியவரை மேலே இழுக்கும். அதனை ஈடுசெய்ய இடையிற் கூடுதல் ஈயம் கட்டல் வேண்டும். உருக்குத் தாங்கியோ வெறுமையான பின்னும் பெரும்பாலும் அமிழ்ந்தே நிற்கும். இதுவே அதன் சிறப்பு.

ஆயினும் உருக்குக்குத் துருவே பகை. ஈரம் உட்புகுந்தால், புறத்தே வண்ணம் மின்ன அகத்தே உலோகம் அரிக்கப்படும். ஆதலின் கழுத்தருகே பொறித்துள்ள நீரமுக்கச் சோதனைத் திகதியைப் படியுங்கள். ஆண்டுக்கொருமுறை வால்வைக் கழற்றி உட்புறத்தைப் பார்வையிடுகின்றனரா என வினவுங்கள். விடை தெளிவாக இல்லையேல், வாடகை மலிவாயினும் மறுத்துவிடுங்கள்.

கடலடியிற் காக்கும் நல்ல தாங்கி மலைப்பாதையிற் காவாது. ஹட்டன் 1,200 மீற்றருக்கு மேல் உயர்ந்த ஊர். சுழியோடிய அன்றே மலையேறினால், காற்றமுக்கம் குறைய, உடலிற் கரைந்த நைதரசன் குமிழியாகி ஊறு செய்யக்கூடும். விமானமேறுவோர் காத்திருக்கும் 18 மணி நேரத்தையேனும் கடற்கரையிற் கழித்துத் திரும்புதலே அறிவுடைமையாகும்.