முதலில் வேண்டுவது துப்பாக்கி அன்று

'களிமண் புறா சுடுதல்' என்னும் விளையாட்டில் இன்று புறாவும் இல்லை, களிமண்ணும் இல்லை. முற்காலத்தில் பெட்டியில் அடைத்த உயிருள்ள புறாக்களைப் பறக்கவிட்டுச் சுட்டனர். இக்காலத்தில் சுண்ணாம்புக்கல் தூளும் கீலும் கலந்து செய்த, 110 மில்லிமீட்டர் விட்டமுள்ள தட்டினை எந்திரம் வானில் வீசுகிறது. ரவை பட்டவுடன் அது நொறுங்குகிறது. ஒலிம்பிக்கில் 'ட்ராப்', 'ஸ்கீட்' என்னும் இரு வகைகளில் இப்போட்டி நடைபெறுகிறது. ட்ராப் போட்டியில் ஒரு சுற்றுக்கு 25 தட்டுகள். தட்டு எத்திசையில் பாயும் என்பதை வீரர் முன்கூட்டியே அறிய இயலாது.

இவ்விளையாட்டைப் பயில விரும்பும் இளையோர், "எந்தத் துப்பாக்கியை வாங்குவது?" என்றே முதலில் வினவுகின்றனர். அவ்வினா பின்னர் எழ வேண்டியது. 1959ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டப்படி 21 வயது நிறையாதவர் பொதுவாகத் துப்பாக்கி உரிமம் பெற இயலாது. பயிற்சிக்கு மட்டும் விதிவிலக்கு உண்டு. எனவே, தொடங்குபவர் முதலில் நாட வேண்டியது தகுதி வாய்ந்த பயிற்சியாளரையும் முறையான சுடுதளத்தையுமே ஆகும். தம் இரு கண்களுள் எது முதன்மையானது என அறிதல், தோளில் துப்பாக்கியைப் பொருத்தும் முறையைப் பழகுதல், பறக்கும் தட்டுக்குச் சற்று முன்னே குறிவைத்தல் ஆகியவை தொடக்கப் பாடங்கள்.

"சிறுவர் கையில் துப்பாக்கியா?" எனப் பெற்றோர் அஞ்சுவது இயல்பே. அவ்வச்சத்தை எள்ளி நகையாடுதல் தகாது. ஆயினும், சுடுதளத்தில் முதலில் கற்பிக்கப்படுவது பாதுகாப்பே. தம் முறை வரும்வரை துப்பாக்கி திறந்த நிலையில், தோட்டா இன்றி இருத்தல் வேண்டும். காதுக்கும் கண்ணுக்கும் காப்பு அணிதல் வேண்டும். இவ்விதிகளைக் கடைப்பிடிக்கும் சிறுவர் பொறுமையையும் பொறுப்பையும் ஒருங்கே கற்கின்றனர்.

மெய்யான தடை செலவே. ஒவ்வொரு முறை சுடும்போதும் ஒரு தோட்டா தீர்கிறது. ஒவ்வோர் இலக்குக்கும் ஒரு தட்டு செலவாகிறது. ஐந்து ஒலிம்பிக் போட்டிகளில் பங்கேற்ற கர்ணி சிங் பிகானேர் அரசர். 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் களம் கண்ட பிரித்விராஜ் தொண்டைமான் புதுக்கோட்டை அரச மரபினர். இவர்தம் உழைப்பு போற்றத்தக்கது. எனினும், திறமை அரண்மனைகளில் மட்டுமே பிறப்பதில்லை. 2004 ஏதென்ஸ் ஒலிம்பிக்கில் 'டபுள் ட்ராப்' பிரிவில் வெள்ளி வென்ற ராஜ்யவர்தன் சிங் ராத்தோர், இராணுவ அதிகாரியாக இருந்தபோதே இவ்விளையாட்டில் இறங்கினார். அவருக்கு வாய்ப்பளித்தது ஒரு நிறுவனம்.

இராணுவம் ஒருவருக்கு அளித்த வாய்ப்பைப் பொதுச் சுடுதளங்கள் பள்ளி மாணவர்க்கும் அளிக்கலாம். பொதுத் துப்பாக்கிகளும் குறைந்த கட்டணத் தோட்டாக்களும் பயிற்சியாளரின் மேற்பார்வையில் கிடைத்தால் போதும். தில்லியில் வளரும் தமிழ்ச் சிறுமி ஒருத்திக்கு, 1982 ஆசிய விளையாட்டுக்கென அமைந்த துக்ளகாபாத் சுடுதளம் எட்டாத் தொலைவில் இல்லை. அங்குச் சுடப்படும் தட்டின் விலையும் தோட்டாவின் விலையுமே அவளுக்கு எட்டாதவை. அவற்றை எட்டச் செய்வது அரசின் கடமை. கிடைத்த வாய்ப்பை ஒழுங்குடன் பயன்படுத்துவது மாணவரின் கடமை.