வறுமையின் புதிய உடல்

வறியோன் மெலிந்திருப்பான், செல்வன் கொழுத்திருப்பான் என்பது பழைய கணக்கு. கைத்தொழில் வளர்ந்த இங்கிலாந்தில் அக்கணக்குத் தலைகீழாகியுள்ளது. அங்கு 2022-23 கல்வியாண்டிற் பத்து, பதினொரு வயதுச் சிறாரின் உயரமும் நிறையும் அளக்கப்பட்டன. மிக வறிய பகுதிகளில் 30.2 சதவீதத்தினரும், மிக வசதியான பகுதிகளில் 13.1 சதவீதத்தினரும் மிகைப்பருமனுடையோராயிருந்தனர். இதனைத் தாய்மாரின் சோம்பலென்போர் உளர். சோம்பல் வறியோரின் தெருக்களை மட்டும் தேர்ந்து குடியேறுமா?

அத்தெருக்களிலேயே துரித உணவுக் கடைகள் செறிந்துள்ளன. அதே கலோரியைக் காய்கனியிற் பெறுவதிலும் சீனியிலும் கொழுப்பிலும் பெறுவது மலிவு. குறைந்த கூலியிற் பசியாற்றும் குடும்பம் மலிவானதையே வாங்கும்.

2018 ஏப்ரலில் அந்நாட்டிற் சீனி மிகுந்த மென்பானங்கள் மீது வரி விதிக்கப்பட்டது. உற்பத்தியாளர் வரிக்கஞ்சிச் சீனியைக் குறைத்தனர். சட்டம் அங்கு தீண்டியது இலாபத்தை. பயன் சிறாரைச் சேர்ந்தது. காய்கனியின் விலையையும் தொழிலாளர் கூலியையும் தொடத் துணியாத எவ்வரசும் தாய்மாருக்கு அறிவுரை கூறத் தகுதியற்றதாகும்.