குறைய வேண்டிய எண்ணெய் கூடியது!

மோட்டார் காரில் எஞ்சின் எண்ணெய் குறைந்தால் கவலைப்படுவது உலக வழக்கம். சீனாவிலோ 2018-ம் ஆண்டின் தொடக்கத்தில் கார்க்காரர்கள் எண்ணெய் கூடிவிட்டதே என்று கவலைப்பட்டார்கள். அந்நாட்டுத் தரக் கட்டுப்பாட்டு இலாகாவே தலையிட வேண்டியதாயிற்று.

ஜப்பானிய ஹோண்டா கம்பெனியின் ஸி.ஆர்.வி. என்ற கார் அது, 1.5 லிட்டர் டர்போ எஞ்சின் பூட்டியது. குளிர் மிகுந்த வட பகுதிகளில் அதை ஓட்டியவர்கள் அளவுக் குச்சியை உருவிப் பார்த்தால், எண்ணெய் மேல் கோட்டையும் தாண்டி நின்றது. முகர்ந்தால் பெட்ரோல் வாடை! சுமார் 1,30,000 கார்களைத் திரும்ப அழைத்துச் சீர் செய்வதாகக் கம்பெனி ஒரு திட்டம் கொடுத்தது. அதிகாரிகள் அதை ஏற்கவில்லை. மார்ச் மாதத்தில் புதிய ஸி.ஆர்.வி. விற்பனையையே கம்பெனி அங்கு நிறுத்தி வைத்தது. வாங்கியவன் தலையில் கட்டிவிட்டு நகர்ந்துவிட முடியாதபடி ஓர் இலாகா கண்டிப்பாக நின்றது, கவனிக்கத்தக்க செய்திதான்.

பெட்ரோல் எண்ணெய்க்குள் எப்படிப் போயிற்று? இத்தகைய எஞ்சின்களில் பெட்ரோல் நேராக ஸிலிண்டருக்குள்ளேயே பீய்ச்சப்படுகிறது. எஞ்சின் குளிர்ந்து கிடக்கும்போது கிளம்புவதற்குப் பெட்ரோல் அதிகமாகவே வேண்டும். ஆனால் சில்லிட்ட சுவரில் பட்ட துளிகள் ஆவியாவதில்லை. பிஸ்டன் ரிங்குகளின் இடுக்கு வழியாகக் கசிந்து கீழேயுள்ள எண்ணெய்த் தொட்டியில் சேருகின்றன. தூரப் பயணமானால் எண்ணெய் நன்கு சூடேறி, கலந்த பெட்ரோல் ஆவியாகி வெளியேறிவிடும். பள்ளிக்கூடத்துக்கும் கடைக்குமாக ஐந்து நிமிஷம் ஓடி நிற்கிற காருக்கு அந்தச் சூடு ஏது? தண்ணீர்ச் சூட்டைக் காட்டும் முள் எழும்பிவிட்டாலும் எண்ணெய் சூடேற இன்னும் நேரம் பிடிக்கும்.

கூடினால் லாபந்தானே என்று நினைப்பவர் உண்டு. மோரில் தண்ணீர் விட்டாலும் குடம் நிறையத்தான் செய்கிறது! பெட்ரோல் கலந்த எண்ணெய் நீர்த்துப் போகிறது. எஞ்சினுக்குள் சுழலும் தண்டுக்கும் பேரிங்குக்கும் இடையே மயிரிழையிலும் மெல்லிய எண்ணெய்ப் படலம் ஒன்றுதான் காவல். அது இளகினால் உலோகத்தோடு உலோகம் உரசும். சத்தம் கேட்டு விழித்துக்கொள்வதற்குள் தேய்மானம் நடந்து முடிந்திருக்கும்.

சிறிய எஞ்சினில் பெரிய எஞ்சினின் வேகத்தையும் பெற வேண்டும், பெட்ரோலும் மிச்சமாக வேண்டும், புகைச் சட்டத்துக்கும் உட்பட வேண்டும் என்ற ஆசையே கம்பெனிகளை இந்த வழியில் தள்ளியது. அமெரிக்காவிலும் கனடாவிலும் இதே புகார் எழுந்தது. எஞ்சினை நடத்தும் கம்ப்யூட்டர் கட்டளைகளை மாற்றியமைத்து, சீக்கிரம் சூடேற ஹோண்டா வழி செய்தது. அமெரிக்காவில் எஞ்சின் உத்தரவாதத்தையும் ஆறு ஆண்டுகளாக நீட்டியது.

நம் ஊர் வெயிலில் இந்தத் தொல்லை இல்லை என்று நிம்மதி கொள்வதற்கில்லை. 2020 ஏப்ரல் 1 முதல் இந்தியாவில் பி.எஸ். 6 விதி அமலில் இருக்கிறது. அதற்குப்பின் வந்த டீஸல் கார்களில் கரியைப் பிடித்து வைக்கும் வடிகட்டி உண்டு. சேர்ந்த கரியை எரித்துத் தீர்க்க, பல எஞ்சின்கள் சற்றே அதிகமான டீஸலை ஸிலிண்டருக்குள் விடுகின்றன. நகர நெரிசலில் அந்த வேலை பாதியில் நின்று மறுபடி மறுபடி தொடங்கினால், எரியாத டீஸல் எண்ணெயில் இறங்குகிறது. பெட்ரோலைப் போல டீஸல் எளிதில் ஆவியாகிப் போவதுமில்லை.

ஆகவே டீஸல் கார் வைத்திருப்பவர் சமதளத்தில் வண்டியை நிறுத்தி, எஞ்சின் அணைந்து சில நிமிஷம் கழித்து, அவ்வப்போது குச்சியை உருவிப் பார்ப்பது அவசியம். கீழ்க் கோட்டை மட்டும் பார்த்துவிட்டுச் செருகிவிடுவதுதான் பலருடைய பழக்கம். எண்ணெய் மேல் கோட்டைத் தாண்டியிருந்தால், அடுத்த சர்வீஸ் தேதி வரட்டும் என்று காத்திராமல் மாற்றிவிட வேண்டும். ஒர்க்ஷாப்பில் மேலாகக் கொஞ்சம் எடுத்துவிட்டு அளவைச் சரி செய்து கொடுத்தால் ஏற்க வேண்டாம். தொட்டியில் மிஞ்சுவதும் அதே நீர்த்த எண்ணெய்தான்.