அறிவு முதிரவில்லையாம்!

ஏழைச் சிறாரின் அறிவு உரிய படிநிலையை இன்னும் எட்டவில்லை எனத் தீர்ப்புரைக்கும் கல்விமான்களை ஒன்று கேட்கின்றோம். பிறேசிலின் ரெசிபே நகரில் தெருவோரம் வணிகம் செய்த ஐந்து சிறாரைக் கராகர் குழுவினர் ஆராய்ந்து 1985இல் வெளியிட்ட முடிவைப் படித்ததுண்டா? தேங்காய் ஒன்று 35 குருசேரோ. பத்தின் விலை என்ன? மூன்றுக்கு 105, ஆறுக்கு 210, ஒன்பதுக்கு 315, ஆகவே 350 என்றான் பன்னிரண்டு வயதுப் பையன். சந்தையில் நூற்றுக்கு 98 விடைகள் சரி. அவ்வகைக் கணக்குகளே சில நாள் கழித்து வெறும் எண்களாய்த் தாளில் வந்தபோது 37!

பியாஜே வகுத்த படிநிலைகள் சிந்தனை வளரும் ஒழுங்கை விளக்க எழுந்தவை. வறியவன் மகனைப் பின்வாங்கில் இருத்துவதற்கு எழுந்தவையல்ல. அச்சில நாட்களுள் அப்பிள்ளைகள் எத்தனை படி சறுக்கினர்? விடை கூறிவிட்டு அடுத்த மதிப்பீட்டுத் தாளிற் கையொப்பமிடுங்கள்.